லோடு ஜாஸ்தி

பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் கட்டுரை எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். (என் கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னதே அம்மாதான்.) ஜெனரேட்டர் வாடகைத் தொழிலுக்கு வந்த காரணமும் அதுதான். மண்டபத்துக்கு வெளியே நிற்கலாம். அது போடும் சத்தத்தில் யாரும் பேச வரமாட்டார்கள்.

சிதம்பரத்தில் என் தங்கை மகனுக்கு வரவேற்பு. அவன் தங்கை நித்யா சென்னையில் வேலை பார்த்துக்கொண்டே டிஜே போடக் கற்றிருந்தாள். அண்ணன் வரவேற்பில் தான்தான் போடுவேன் என்று ஒரே பிடிவாதம்.

"என்னா பாட்டும்மா அது?" என்றார் அவள் அப்பா, என் மச்சான்.

"கிரைம்ப்பா, ராப் மாதிரி ஒரு பாட்டு. லண்டன் பசங்க பாடுறது. அதுல எலக்ட்ரானிக்க கலந்து அடிப்பேன்."

"கல்யாண வூட்டுல என்னாத்துக்கு கிரைமு? போலீசு வரவா?"

கடைசியில் ஒத்துக்கொண்டார். ஆனால் சம்பந்தி வீட்டார் முன்னால் ஏதாவது அசிங்கமானால், அன்றோடு அந்த டிஜே பெட்டியை மூட்டைகட்டிவிட வேண்டும்.

"மாமா, கரண்ட் மட்டும் நிக்காம பாத்துக்குங்க" என்று நித்யா என் கையைப் பிடித்தாள். கடலூரிலிருந்து, என்னிடம் இருந்ததிலேயே பெரிய ஜெனரேட்டரைக் கொண்டுபோனேன்.

பொழுது சாய்ந்ததும் கரண்ட் போனது. மொத்த மண்டபமும் என் பொறுப்பு. நித்யா ஆரம்பித்தாள். பாட்டில் எவனோ மூச்சு விடாமல் ஆங்கிலத்தில் திட்டினான். அடியில் பேஸ் உறுமியது. நடுவில் தவில் மாதிரி ஒன்று உருண்டு வந்து, அப்படியே மிஷின் சத்தமாக மாறியது. வாசல் வாழைமரம் ஆடியது. கீழே பந்தியில் ரசம் இலையைத் தாண்டியது. (எனக்கும் கால் ஆடியது. அதிர்வு என்று சொல்லிக்கொண்டேன்.)

திடீரென்று பாட்டு கிரீச்சென்று பின்னால் இழுபட்டு நின்றது. பசங்கள் கையைத் தூக்கிக் கத்தினார்கள்: "ரீலோடு! ரீலோடு!"

எங்கள் தொழிலில் 'லோடு' என்று ஒருவன் கத்தினால் ஒரே அர்த்தம்தான். லோடு ஜாஸ்தி, வயர் எரியப்போகிறது. பாய்ந்து போய் ஜெனரேட்டரை நிறுத்தினேன்.

கும்மிருட்டு. பெருமை தாங்காமல் உள்ளே ஓடி, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கூட்டத்தைப் பார்த்துக் கத்தினேன்: "யாரும் பயப்படாதீங்க! நான் நிறுத்திட்டேன்!"

"மாமா!" இருட்டில் நித்யாவின் குரல் அழுதுவிடும்போல் இருந்தது. "ரீலோடுன்னா பாட்ட திரும்ப மொதல்லேர்ந்து போடுன்னு அர்த்தம் மாமா! ரொம்ப புடிச்சிருந்தாதான் அப்புடி கத்துவாங்க!"

திரும்பி ஓடினேன். பசங்கள் விடவில்லை. நாற்காலியைத் தட்டியே தாளத்தைப் பிடித்துவைத்திருந்தார்கள். ஜெனரேட்டர் உறும, விளக்கு வந்தது.

மேடைக்கு முன்னால், வேட்டியை மடித்துக் கட்டி, இரண்டு கையையும் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார் என் மச்சான். இருட்டை நம்பிவிட்டார். சம்பந்தி வீடே பார்த்துக்கொண்டு நின்றது.

அதற்குப் பிறகு அசிங்கம் என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை. நித்யாவும் பெட்டியை மூட்டைகட்டவில்லை. எங்கள் குடும்பத்தில் மட்டும் யாரும் இப்போது 'இன்னும் கொஞ்சம் சோறு' என்று கேட்பதில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே 'ரீலோடு' என்கிறார்கள். உடனே யாராவது எழுந்துபோய் லைட்டை அணைக்கிறார்கள்.

வரவேற்புக்கு மறுநாள் காலை ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு புவனகிரி வழியாகக் கடலூர் வந்து சேர்ந்தேன். டீசல் கொஞ்சம் மிச்சம் இருந்தது.