முன் அனுமதி பெற்ற நாய்கள்

ஊராட்சி மன்றத்திலிருந்து வந்த கடிதத்தை இராஜசிங்கம் மூன்றாவது முறையாகப் படித்தார். மலாயில் எழுதியிருந்த சங்கதி மாறவில்லை. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரிகள் தாமான் குடியிருப்புக்குச் சோதனைக்கு வருவார்கள். வரிசை வீடு ஒன்றுக்கு இரண்டு நாய்கள்தாம். அதற்கு மேல் இருந்தால் வீட்டுக்காரர் பெயரில் சம்மன்.

அவர் வீட்டில் மூன்று இருந்தன.

சீசருக்கும் ராணிக்கும் உரிமம் உண்டு. மூன்றாவது, பக்கத்து வீட்டு மாயாண்டியின் லாரியில் சுங்கை சிப்புட்டிலிருந்து தானாக ஏறி வந்து, இவர் வாசலில் இறங்கி, போன வருடம் முதல் அங்கேயே தங்கிவிட்ட வாலில்லாத கறுப்பு நாய். பெயர் வைத்தால் நம்முடையதாகிவிடும் என்று அவர் அதற்குப் பெயரே வைக்கவில்லை. ஆனால் காலையில் தம் தட்டிலிருந்து இரண்டு இடியப்பம் அதற்குப் போகும்.

"இஞ்சருங்கோ, வியாழக்கிழமை கேற்றைப் பூட்டிப்போட்டுக் கோயிலுக்குப் போவமே?" என்றார் அவர் மனைவி ஞானம்மா.

"ஒளியச் சொல்லுறீரோ? என்ர அப்பர் காலத்திலயிருந்து எங்கட ஆக்களில ஒருத்தருக்கும் சம்மன் வந்ததில்லை. ஒருத்தரும் ஒளிச்சதுமில்லை."

"அப்ப உந்த நாயை என்ன செய்யிறது?"

யாழ்ப்பாண வழிவந்த இராஜசிங்கம் மலேசிய நில அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருடம் இருந்தவர். கையெழுத்து கோட்டுக்கு வெளியே விழுந்திருந்தாலும் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியவர். யாரிடமும் உதவி கேட்டுப் பழக்கமில்லை. இருந்தும் கறுப்பு நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு மாயாண்டி வீட்டுக்குப் போனார்.

மாயாண்டி கடிதத்தை வாங்கி விரல் வைத்துப் படித்தான்.

"ஐயா, இதுல என்னா போட்டிருக்கான்? டுவா எக்கோர். எக்கோர்னா வாலு. ரெண்டு வாலு வச்சிக்கலாம்னு சொல்றான். உங்க வீட்டுல மொத்தமே ரெண்டு வாலுதான லா."

"மாயாண்டி, மலாயில மிருகங்களை எண்ணுறதுக்கும் அதே சொல்லுத்தான்."

"சொல்லிப் பாப்போமே. ஆபீசர் சிரிச்சிட்டு உட்ருவாரு."

"சிரிக்க வைச்சுத் தப்புறதுக்கு நான் கூத்தாடியில்லை. இவனை வியாழக்கிழமை வரைக்கும் நீர் கட்டி வைச்சிருக்க ஏலுமோ?"

மாயாண்டி தலையைச் சொறிந்தான். "என்கிட்டயே மூணு இருக்கு ஐயா. நானே உங்ககிட்ட கேக்கலாம்னு இருந்தேன். இந்தத் தாமான்ல எந்த ஆபீசரும் சந்தேகப்படாத வீடு உங்க வீடு ஒன்னுதான். இல்லன்னு சொல்லுங்க பாப்போம்."

இல்லை என்று எப்படிச் சொல்வது? சொன்னால், தம் வீடு சந்தேகத்துக்குரிய வீடு என்று தம் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகும். ஒரு நாயை விடப் போனவர் இரண்டு நாய்களோடு திரும்பினார்.

"விட்டுட்டு வரப் போனியள். இப்ப துணைக்கும் ஒண்டோ?" என்றார் ஞானம்மா.

மாயாண்டிக்கு வாய் சும்மா இருக்காது; விஷயம் தாமான் முழுக்கப் பரவியது. செவ்வாய்க்கிழமை காலையில் கேற்றில் யாரோ ஒரு செவலை நாயைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கழுத்தில் ஒரு பை. பைக்குள் ஒரு வாரத்துக்கான அரிசியும் கருவாடும் இருந்தன. அவிழ்த்துவிட்டால் தெருவில் அடிபடும். ஐந்தாவது நாயும் உள்ளே வந்தது.

இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று இராஜசிங்கம் உட்கார்ந்து, ஓர் அறிவிப்பு எழுதிக் கேற்றில் ஒட்டினார்.

'முன் அனுமதி பெறாமல் இவ்விடத்தில் நாய்களை விடக் கூடாது.'

அவர் அலுவலகத்தில் இப்படி ஒரு வாக்கியத்தைப் பார்த்தால் ஜனங்கள் திரும்பிப் போய்விடுவார்கள். இங்கே அன்று மத்தியானமே கடைசி வீட்டுத் தாதி சரளா, சடை நாய் ஒன்றோடும் ஒரு தாளோடும் வந்து நின்றாள்.

"அங்கிள், முன் அனுமதிக்கு லெட்டர் எழுதிட்டு வந்திருக்கேன்."

"பிள்ளை, அது வராதேங்கோ எண்டு சொல்ற அறிவிப்பு."

"வராதன்னு எங்க அங்கிள் போட்டிருக்கு? அனுமதி வாங்கிட்டு வான்னுதான போட்டிருக்கு?"

இராஜசிங்கம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குற்றம் தேடினார். தேதி இருந்தது. அடையாள அட்டை எண் இருந்தது. கையெழுத்து கோட்டுக்கு மேலேயே நின்றது. வலது மூலையில் நாயின் பாஸ்போர்ட் அளவுப் படம்கூட ஒட்டியிருந்தது. இத்தனை ஒழுங்கான விண்ணப்பத்தை அவர் வேலையில் இருந்த காலத்தில் பத்துக்கூடப் பார்த்ததில்லை. திருப்பி அனுப்ப மனச்சாட்சி இடம் தரவில்லை. 'அனுமதிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

புதன்கிழமை சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு விண்ணப்பங்கள் வந்தன. ஒன்று இரண்டு பிரதிகளில் இருந்தது.

"எட்டு," என்றார் ஞானம்மா, குக்கரை இறக்கிவைத்துவிட்டுப் பெரிய பானையைத் தேடியபடி. "இப்பவாவது கோயிலுக்குப் போவமே?"

"வேண்டாம். சம்மன் எழுதுறதெண்டால் எழுதட்டும். நிமிர்ந்து நிண்டு வாங்குவன்."

சொல்லிவிட்டாரே ஒழிய, அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு தலைமுறையாக அழுக்குப்படாத பெயர். அது எட்டு நாய்களால், அதிலும் ஐந்து அடுத்தவர் நாய்களால், போகப் போகிறது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு, தேய்த்த முழுக்கைச் சட்டையும் கழுத்துப்பட்டையுமாக, கேற்றின் இரு கதவுகளையும் விரியத் திறந்துவைத்துக்கொண்டு இராஜசிங்கம் வாசலில் நின்றார். எதிர்வீட்டுத் திரைச்சீலைகள் அசைந்தன. மன்றத்து வேன் தெருமுனையில் திரும்பி, எந்த வீட்டிலும் நிற்காமல், நேரே அவர் வீட்டு முன்னால் வந்து நின்றது. இறங்கிய அதிகாரியின் சட்டையில் கனகராஜ் என்று பெயர் இருந்தது. உள்ளே எட்டும் ஒன்றாகக் குரைத்தன.

"இராஜசிங்கம் ஐயாதான?"

"ஓம். நீங்கள் கேக்க முன்னமே சொல்லிப்போடுறன். உள்ளுக்கு எட்டு நிக்குது. ஆறு கூட. ஆரின்ர நாய் எண்டு கேக்காதேங்கோ, சொல்லமாட்டன். சம்மனை என்ர பேருக்கே எழுதுங்கோ."

பெயரில்லாத கறுப்பு நாய் அவர் கால்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்துகொண்டது.

கனகராஜ் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். வேனுக்குத் திரும்பிப் போய்ப் பக்கக் கதவை இழுத்துத் திறந்தார். சம்மன் புத்தகத்தை எடுக்கிறார் என்று இராஜசிங்கம் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

அதிகாரி திரும்பி வந்தபோது அவர் கக்கத்தில் ஒரு வெள்ளை நாய்க்குட்டி இருந்தது.

"உங்க வீடு எங்க லிஸ்ட்லயே இல்ல ஐயா," என்றார் குரலைத் தாழ்த்தி. "எங்க தாமானுக்குத்தான் இன்னைக்கு வேற ஆபீசர் வாராரு, இது எங்க வீட்டு மூணாவது."