சின்னக் குளத்துக்கு எந்தப் பொய்

பலேர்மோ,
திங்கட்கிழமை.

அன்பும் மரியாதையும் உள்ள ஏர்னஸ்ற் சித்தப்பாவுக்கு,

பெறாமகன் கொட்வின் எழுதுவது. ஆண்டவரின் தயவால் இங்கு நான் சுகம். ரொறன்ரோவில் நீங்களும் சித்தியும் சுகம் என்றே வைத்துக்கொள்கிறேன். கேட்டுத் தெரிந்துகொள்ளப் போன் இல்லை. போன் குளத்துக்குள். அதனால்தான் கடிதம்.

நீங்கள் அனுப்பிய தூண்டில் பொய்யிரைப் பெட்டி வந்தது. திறந்தேன். ரப்பர் தவளை. தகரச் சுழலி. சிவப்பு மூக்கு வைத்த பெரிய மரமீன். புழுக்கள். ஒரு முழு உலகம், ஒன்றுக்கும் உயிர் இல்லை. என்னைப் போலத் தத்துவம் படிப்பவனுக்கு இதுவே ஒரு கிழமைக்குக் காணும்.

ஆனால் எனக்குக் கிழமை இல்லை. கேசிகாவைக் கட்டித் தரச் சொல்லி அவள் தகப்பன் அன்ரனி அங்கிளிடம் கேட்டிருந்தேன். மன்னார்க் கடலில் வளர்ந்தவர், இப்போது இங்கே பக்கத்தில் சியாகுல்லியில் மந்தரின் தோடம்பழத் தோட்டம் பார்க்கிறார். "ஞாயிறு பூசை முடியத் தோட்டத்துக்கு வாரும். குளத்திலை பாஸ் மீன் கிடக்கு. பிடிச்சுக்கொண்டு கதைப்பம்," என்றார்.

கேசிகா விளக்கினாள். "கதைப்பம் எண்டால் முடிவு சொல்லப் போறார். மானத்தை வாங்கிப் போடாதேங்கோ."

குளம் என்றதும் உங்கள் ஒன்ராறியோ ஏரியை நினைக்கக் கூடாது. மரங்களுக்குத் தண்ணீர் விட வெட்டியது. இக்கரையில் தும்மினால் அக்கரையில் கேட்கும். தண்ணீர் கண்ணாடி.

பெரிய மீனுக்குப் பெரிய இரை என்று நீங்கள் வொய்ஸ் மெசேஜில் சொன்னதால் முதலில் மரமீனைக் கட்டினேன், அது செங்கல் மாதிரி விழுந்தது, தவளைகள் எல்லாம் வாயை மூடிக்கொண்டன, "தம்பி, மீனைப் பிடிக்க வந்தனீரோ, அடிச்சுக் கொல்ல வந்தனீரோ," என்று அங்கிள் கேட்டார், சரி என்று சுழலியைப் போட்டேன், அது பாசியைத்தான் பிடித்தது, இழுக்க இழுக்க வந்தது, கேசிகாவின் தாய் யோசப்பின் அன்ரி குழம்புச் சட்டியும் புளியுமாக மரத்தடியில் இருந்தவ, "உதைச் சுண்டவோ, வறுக்கவோ," எண்டு கேட்டா, பாசியிலை சிக்காதது தவளை எண்டு நீங்கள் சொன்னது ஞாபகம் வந்து அதை வீசினால் அது முன்னுக்குப் போகாமல் பின்னுக்குப் போய் அங்கிளின்ரை பூசைச் சேட்டிலை கொழுவிப் போட்டுது, நடு முதுகிலை, நான் குனிஞ்சு கழட்டேக்கை பொக்கற்றுக்குள்ளை இருந்த போன் நழுவித் தண்ணிக்குள்ளை போச்சு, அந்தச் சத்தத்துக்கு ஒரு மீன் வந்து பாத்திட்டுப் போச்சு. பாஸ்தான். அதுவரைக்கும் நான் போட்டதிலை அது மதிச்சது போனை மட்டும்தான்.

அங்கிள் முதுகில் தவளையோடு பெட்டிக்கு முன்னால் குந்தினார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"இவ்வளவு பொய்யும் உம்மடை சித்தப்பா அனுப்பினவரோ?"

"ஓம் அங்கிள்."

"உது ஏரிக்குச் சொல்லுற பொய். இது சின்னக் குளம். எங்கடை கோயில் சனம் மாதிரி. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். பெரிசாச் சொன்னால் ஒருத்தரும் நம்பமாட்டினம்."

இருப்பதில் சின்னதை எடுத்தார். பழுப்புப் புழு. பாசியில் கொழுவாதபடி கொக்கியின் முனையைப் புழுவுக்குள்ளேயே மறைத்துக் கோத்துத் தந்தார். "போட்டிட்டு ஒண்டும் செய்யாமல் இரும்."

"அது அவருக்கு நல்லா வரும் அப்பா," என்றாள் கேசிகா.

ஒன்றும் செய்யாமல் இருந்தேன். நூல் நகர்ந்தது. இழுத்தேன். மீன். முழங்கை நீளம். பச்சை. உடம்புக்கு மிஞ்சிய வாய். என் கையில் மூச்சு வாங்கியது. யோசப்பின் அன்ரி சட்டியைத் திறந்தா.

அப்போதுதான் உங்கள் குரல் மனதில் கேட்டது. பிடி, படம் எடு, விடு. படம் எடுக்கப் போன் இல்லை. மிச்சத்தைச் செய்தேன்.

சட்டி மூடும் சத்தம். பிறகு அங்கிள்: "கைக்கு வந்ததை விடுற ஆளுக்கு நான் மகளைக் குடுக்கிறதோ." அது கேள்வி மாதிரி இல்லை, முடிவு மாதிரி. மத்தியானம் எல்லோரும் பருப்பும் சோறும் சாப்பிட்டோம். கலியாணக் கதையை ஒருவரும் எடுக்கவில்லை.

ஆகவே சித்தப்பா, பிடித்த மீனை விட்டுவிடுவது கனடாவில் பண்பு. இஞ்சை அது குணக்கேடு. பெட்டியை நாளைக்கே திருப்பி அனுப்புகிறேன். இனித் தூண்டில் தொடேன். கலியாணமும் இல்லை. நாப்போலிக் கப்பலில் ஏறிப் போய்விடலாம் என்று துறைமுகம் வரை நடந்தேன். கப்பல் மிகப் பெரிது. ஏறவில்லை.

சித்திக்கு என் அன்பு. தேவதாயின் நிழல் உங்கள் வீட்டின் மேலும், உங்கள் படகின் மேலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பெறாமகன் கொட்வின்

பி.கு.: உறையை ஒட்டும் நேரம் கேசிகா வந்தாள். அங்கிள் இன்று விடியவே தனியாகக் குளத்துக்குப் போய் நேற்றுத் தூண்டிலில் இருந்த பழுப்புப் புழுவைப் போட்டாராம். அதே மீனாம். புழுவோடு நூலையும் அறுத்துக்கொண்டு போய்விட்டதாம். வீட்டுக்கு வந்து சொன்னாராம்: "பெட்டி நிறையப் பொய் இருந்தும் அந்தப் பெடியனுக்கு ஒண்டையும் ஒழுங்காச் சொல்லத் தெரியேல்லை. பயப்பிடாமல் மகளைக் குடுக்கலாம்." யோசப்பின் அன்ரி மட்டும் இன்னும் மீன் கேட்கிறாவாம். பெட்டி இங்கேயே இருக்கட்டும். பழுப்புப் புழு, சின்னது, இன்னும் ஒரு பைக்கற் அனுப்புங்கோ. கேட்பது நான் இல்லை. என் மாமனார்.