முட்டைச் சாமியின் பானையும் குடமும்

2024-ஆம் ஆண்டு சூன் மாதம் ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. குறை இதுதான்: இராமநாதபுரம் சீமையில் அடிப்பவன் கணவன், பேயோட்டப்படுபவளோ அடிபட்ட மனைவி.

பேயோட்டுபவர் சின்னச்சாமி. தேவிபட்டினம் சாலையில் கீற்றுக் கொட்டகை, ஒலிபெருக்கி, வேன்கள் நிற்கத் தனியிடம். மக்கள் இட்ட பட்டம், முட்டைச் சாமி. சோதனை எளியது. கணவனும் மனைவியும் அன்றிட்ட நாட்டுக்கோழி முட்டை ஆளுக்கொன்று கொண்டுவர வேண்டும். அவளுடையது மண்பானைத் தண்ணீரில். அவனுடையது பித்தளைக் குடத்துத் தண்ணீரில். மிதந்தால் பேய், மூழ்கினால் புனிதம். இதுவரை எந்தக் கணவனின் முட்டையும் மிதந்ததில்லை. ஆண்குலம் அத்தனை தூய்மையானது.

அன்று கடலாடிப் பக்கத்திலிருந்து வந்தவள் ஜெயசுதா. இடக்கண் வீங்கி மூடியிருந்தது. மகளிர் காவல் நிலையத்துக்குக் கிளம்பியவளை மாமியார் மீனம்மாள் வாசலில் மறித்திருந்தார். தம் மகன் பாண்டித்துரை தங்கம் என்றும், மருமகள்மேல் இருக்கும் பேய்தான் அவன் கையைத் தூக்கிவிடுகிறது என்றும் அவர் உறுதியாக நம்பினார். முட்டை மூழ்கினால் புகார் கொடுக்கத் தாமே துணைக்கு வருவதாகவும் வாக்களித்தார். மிதந்தால் புகாரை மறந்து, கொட்டகையில் கிடந்து, வேப்பிலையால் மீண்டும் அடிவாங்க வேண்டும்.

மிதந்தது. உடன் வந்த பாண்டித்துரையின் முட்டை குடத்தில் மூழ்கியது. கூட்டம் குலவையிட்டது.

"பாத்தியா தாயி," என்றார் சாமி. "சுடுகாட்டுல இருந்து வந்தது. லேசுல போகாது."

ஜெயசுதா பானையைப் பார்த்தாள். கருவாட்டுத் தொட்டியின் விளிம்பைப் போல அதன் வாய் வெள்ளை பூத்திருந்தது. விரலை நனைத்து நாக்கில் வைத்தாள், முகம் சுளித்தாள். பிறகு எவரிடமும் அனுமதி கேளாமல் இரண்டு முட்டைகளையும் இடம் மாற்றிப் போட்டாள்.

அவளுடையது குடத்தின் அடியில் அமர்ந்தது. பாண்டித்துரையினுடையது பானையில் ஒய்யாரமாக மிதந்தது.

"அத்தை, பேயி உங்க மகனுக்குல்ல பிடிச்சிருக்கு. வேப்பிலையை அவுக பக்கம் திருப்பச் சொல்லவா?"

வேறொருத்தி பானைநீரை வாயில் ஊற்றித் துப்பினாள். "உப்பை அள்ளிக் கரைச்சு வச்சிருக்கான். இதுக்கா வேன் பிடிச்சு வந்தோம்?"

சாமி முதலில் தீட்டு என்றார். அடுத்துத் தெய்வக் குற்றம் என்றார். அதற்கடுத்து மோட்டார் சைக்கிளின் சாவியைத் தேடினார்.

பாண்டித்துரை கையை ஓங்கினான். கொட்டகையிலிருந்த பெண்கள் அனைவரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓங்கிய கை தானாக இறங்கிச் சட்டைப்பைக்குள் ஒளிந்துகொண்டது.

"வீட்டுல இறங்காத கை இங்கன மட்டும் எப்படி இறங்குச்சு?" என்று கேட்டாள் ஜெயசுதா. பேய்க்கும் ஆள்பார்த்து நடக்கும் நாகரிகம் உண்டு போலும்.

காவல் நிலையத்துக்குப் போக அவள் பேருந்து நிறுத்தம் நோக்கி நடந்தாள். மீனம்மாள் மகனைப் பார்த்தார். பிறகு தலைகுனிந்தபடி மருமகளின் பின்னால் நடந்தார்.

வாசகரே, அடுத்த வீட்டில் ஒரு பெண்ணின் அலறல் கேட்டால் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டாதீர். 181 என்னும் பெண்கள் உதவி எண்ணை அழையும். அழைத்த பின்னர், இத்தனை நாள் ஏன் அழைக்கவில்லை என்று உம் சொந்த மூளையைக் கொண்டு சிந்தியும்.