அமுக்கினால் காற்று, இழுத்தால் பெயிண்ட்

இந்தச் சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் பெயிண்டைக் காற்றோடு தூவும் ஏர்பிரஷ் ஒன்றை வாங்கியே தீருவது என்று மில்லிகிராம் தீர்மானம் செய்தார். தீர்மானத்தை எழுந்து நின்று அறிவித்தார். மனைவி தன் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"நின்னுக்கிட்டுச் சொல்றதைப் பார்த்தா நிஜம்தான் போல" என்றாள்.

மூன்று வருடத்தில் இது பதினோராவது தீர்மானம். முந்தைய பத்தும் உட்கார்ந்தபடி எடுக்கப்பட்டவை.

கடைகடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது அவர் உத்தியோகம். இம்மி பிசகினாலும் முத்திரை கிடையாது. அதற்காக அலுவலகத்தில் மில்லிகிராம் என்று வைத்த பட்டப்பெயர் வீடு வரை வந்து ஒட்டிக்கொண்டது. அவளுக்கு பஸ் டிப்போவில் நேரம் குறிக்கும் வேலை. கண்ணாடி விரிசல் விட்டிருந்தாலும் சரி, கண்டக்டர் தும்மிக்கொண்டிருந்தாலும் சரி, மணி ஆனால் வண்டி கிளம்பியாக வேண்டும். இந்த இரண்டு பேரையும் ஒரே வீட்டில் குடிவைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை.

சாப்பாட்டு மேஜையில் பாதியை ஒரு இழுவைப் படகு பிடித்துக்கொண்டிருந்தது. பெரிய கப்பல்களைக் கயிறு கட்டித் துறைமுகத்துக்குள் இழுத்து வரும் படகு, அதன் மாதிரி. முழங்கை நீளம் இருக்கும். அவளுடைய அப்பா முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்த படகு அது. அசலை என்றைக்கோ உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். மில்லிகிராம்தான் வரைபடத்தைத் தேடிப் பிடித்து, பிளாஸ்டிக் தகடு வெட்டி, ஒவ்வொரு கம்பியையும் அளவு தவறாமல் கட்டி நிறுத்தினார். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. பெயிண்ட் ஒன்றுதான் பாக்கி. அந்த ஒன்றுக்காக, அது மூன்று வருடமாகச் சாம்பல் நிறத்தில் நின்றது.

"பிரஷ்ல அடிச்சா கோடு கோடா விழும். படகு நாசமாயிடும். ஏர்பிரஷ்தான் சரி."

"அப்ப வாங்குங்க."

"எதை வாங்கறது? பெயிண்ட் கப் மேல இருக்கறதா, பாட்டில் கீழ தொங்கறதா? முனை ஓட்டை புள்ளி ரெண்டா, புள்ளி மூணா?"

ஒரு பேனாவை எடுத்து அவளுக்குப் பாடம் நடத்தினார். "இப்ப இது டபுள் ஆக்‌ஷன்னு வெச்சுக்கோ. இந்தப் பித்தானை அமுக்கினா காத்து. அமுக்கினபடியே பின்னால இழுத்தா பெயிண்ட். அமுக்கிட்டு இழுக்காம விட்டா என்ன வரும்?"

"வெறும் காத்து."

"அடடே, புரிஞ்சுக்கிட்டியே!"

"மூணு வருஷமா நம்ம வீட்டுல அதானே வருது."

இது வரைக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. போன மாதம் சிரிப்பு நின்றுவிட்டது. மாமனாருக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. இனி சரிசெய்ய வழியில்லை, இருக்கிற பார்வையும் இரண்டு மாதம் தாங்கினால் அதிகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று வீடு திரும்பியவள் அந்தச் சாம்பல் படகின் எதிரே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மில்லிகிராமுக்கும் அவசரம் புரிந்தது. ஆனால் அவருக்கு இருந்த வியாதி வேறு. பயம். கை பிசகி ஒரு சொட்டு விழுந்தால், இத்தனை நாள் உழைப்பும் பாழ். ஏர்பிரஷைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கும் வரை அந்தச் சொட்டு விழாது.

அதனால் அவர் மனசுக்குள் ஒரு திட்டம் வைத்திருந்தார். சனிக்கிழமை வாங்கிவிடுவது. ஞாயிறு மாமனார் படகைப் பார்க்க வந்ததும், "கை பழகணும் மாமா, ரெண்டு வாரம் ஆகும்" என்று தவணை கேட்பது. அதற்குள் ஏதாவது தைரியம் வந்து தொலையாதா?

சனிக்கிழமை காலை கிளம்பும்போது மனைவி வாசல் வரை வந்தாள். "அவசரப்படாதீங்க. நான் சொன்ன கடையிலேயே நிதானமா எல்லாத்தையும் பார்த்து வாங்குங்க."

நிதானம் என்ற சொல்லைப் பத்தொன்பது வருடத்தில் அவள் வாயால் அவர் கேட்டதே இல்லை. அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவரோ நெகிழ்ந்து போனார்.

கடைக்காரர் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். டீ வரவழைத்தார். ஒவ்வொரு ஏர்பிரஷாகக் கழற்றி, ஊசி வேறு, முனை வேறு என்று மேஜையில் பரப்பிக் காட்டினார். பன்னிரண்டு மணிக்கே மில்லிகிராம் ஒன்றை முடிவு செய்துவிட்டார். கடைக்காரர் விடவில்லை.

"அதுக்குள்ளவா சார்? உங்களை மாதிரி விவரம் தெரிஞ்சவங்க இதோட நிக்கலாமா? உள்ளே இன்னொன்னு இருக்கு, பாருங்க."

இன்னொன்று வந்தது. அதற்குப் பிறகும் வந்தது. காகிதத்தில் அடித்துப் பார்க்கச் சொன்னார்கள், அடித்தார். தன்னைப் புரிந்துகொண்ட ஒரு மனிதரை வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்தித்த நிறைவோடு, மாலை ஐந்தரைக்கு ஒரு டபுள் ஆக்‌ஷனும் அதற்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரும் வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

கதவைத் திறந்ததும் டர்பன்டைன் வாசம் அடித்தது.

மேஜை முழுக்கச் செய்தித்தாள் விரித்திருந்தது. ஞாயிறு வரவேண்டிய மாமனார், மூக்கு படகில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து உட்கார்ந்திருந்தார். கையில் பிரஷ். படகின் உடம்பு கறுப்பு. புகைபோக்கி காவிச் சிவப்பு. மேல் அறை கிரீம். எல்லாவற்றிலும் கோடு கோடாகப் பிரஷ் தடம்.

மில்லிகிராம் பெட்டியைத் தொப்பென்று கீழே வைத்தார்.

"யாரு, மாப்பிள்ளையா?" பெரியவர் தட்டுத்தடுமாறி எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "காலையிலதான் வந்தேன். இவ எல்லாம் சொன்னா. பெயிண்ட் மட்டும் என் கையாலதான் அடிக்கணும்னு மூணு வருஷமா அப்படியே வெச்சிருந்தீங்களாமே! யாருக்கு மாப்பிள்ளை இந்த மனசு வரும்?"

மில்லிகிராம் மனைவியைப் பார்த்தார். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"வருஷா வருஷம் படகோட பக்கவாட்டுல பலகை கட்டித் தொங்கிக்கிட்டு நான்தான் அடிப்பேன். ஆடற படகுல கோடு விழாம எப்படி அடிக்கிறது? கேப்டன் திட்டுவார். இங்கே குனிஞ்சு பாருங்க, அந்தக் கோடு கூட அப்படியே விழுந்திருக்கு." அவர் மறுபடி படகின் மேல் குனிந்தார். "என் படகை மறுபடி பார்த்துட்டேன். இனிமே கண்ணு போனாலும் போகட்டும்."

மில்லிகிராம் குனிந்து பார்த்தார். கோடுகள் கோணலாகத்தான் இருந்தன. ஆனால் அசலும் அப்படித்தான் இருந்ததாம். உத்தியோக முறைப்படி முத்திரை குத்த வேண்டியதுதான். தான் அடித்திருந்தால் வழவழவென்று, தப்பாக வந்திருக்கும்.

"ஆமா மாமா, உங்களுக்காகத்தான் வெச்சிருந்தேன்" என்றார். சொல்லும்போது அவர் கண்ணும் கலங்கிவிட்டது. அது பொய்க்கான கூச்சமா, வேறு ஏதாவதா என்று அவருக்கே தெரியவில்லை.

சமையலறையில் மனைவியை மடக்கினார். "அந்தக் கடைக்காரன்..."

"எங்க டிப்போ டிரைவரோட தம்பி. ஆறு மணி வரைக்கும் உங்களைப் பிடிச்சு வெச்சிருக்கச் சொல்லியிருந்தேன். அரை மணி முன்னாடியே விட்டுட்டான்."

"அப்ப நான் வாங்கிட்டு வந்தது?"

அவள் அவரைக் கூடத்துக்கு இழுத்து வந்தாள். பெட்டியைப் பிரித்தாள். கம்ப்ரஸரின் குழாயை மாட்டி, பிளக்கைச் சொருகி, மூன்று வருட ஆராய்ச்சியின் முடிவை அவர் கையில் கொடுத்து, படகுக்கு ஒரு முழம் தள்ளி உட்காரவைத்தாள்.

"இன்னும் ஈரமா இருக்கு, காயணும். அமுக்கினா போதும். பின்னால இழுத்துடாதீங்க."