நிந்தனைக்குப் பொருள் கண்ட குழு

பேரரசுகள் வீழ்ந்ததெல்லாம் சொற்களுக்குப் பொருள் தெரியாமல்தான் என்பது எங்கள் அகராதி அலுவலகத்தின் உறுதியான கொள்கை. ஆகவே 'நிந்தனை' என்ற ஒரு சொல்லுக்காக நாங்கள் ஒன்பது கூட்டங்கள் நடத்தியதை எவரும் வீண் என்று கருதலாகாது. அதற்கென அமைத்த குழுவின் செயலாளராகும் பேறு எனக்கு வாய்த்தது.

எங்கள் கூடத்தின் நடுவே, கண்ணாடிப் பேழைக்குள், அகராதியின் முதற்பதிப்பு வீற்றிருக்கிறது. அதைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்துவோம். ஏதேனும் ஐயம் எழுந்தால் அதன் முன் ஒரு கணம் நிற்போம். பிறகு வேறு அகராதியைப் புரட்டுவோம். நாற்பது ஆண்டுகளாக அதை எவரும் திறந்ததில்லை.

இந்த மாண்பைக் குலைத்தவர் எங்கள் பிழைதிருத்தும் அம்மாள். அவருடைய வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் இருபது நாட்களே இருந்தன. அவர் வீட்டில் அடுப்பெரிவது அந்த ஒரு வேலையால். புதுப் பதிப்பில் 'நிந்தனை'க்கு எதிரே இடம் வெறுமையாக இருப்பதைக் கண்டவர், நேரே போய்ப் பேழையைத் திறந்து, விரலை நாவில் தொட்டுப் பக்கம் புரட்டிவிட்டார்.

குற்றம் நிந்தனை என்பதில் ஐயமில்லை. ஆனால் பொருள் முடிவாகாத சொல்லைக் குற்றப்பத்திரிகையில் எழுதலாகாது என்பது எங்கள் விதி. எனவேதான் குழு.

ஒன்பதாம் கூட்டத்தில் தலைவர் அம்மாளை விசாரித்தார்.

"உள்ள என்னம்மா பார்த்தீங்க?"

"கரையான் ஐயா. பாதிப் புத்தகம் மண்ணாப் போச்சு. இப்பவே எடுத்தா மிச்சத்தையாவது காப்பாத்தலாம்."

"அது இருக்கட்டும். எப்படிப் பார்த்தீங்க?"

"திறந்துதான் ஐயா."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "எழுதிக்குங்க. ஒத்துக்கிட்டாங்க."

அம்மாள் விடவில்லை. 'நிந்தனை' வடமொழியிலிருந்து வந்த சொல் என்றும், அதன் வேருக்குப் பழித்தல் என்பதே பொருள் என்றும், புத்தகத்தைத் தொடுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்றும் பொறுமையாக விளக்கினார். "நான் யாரையும் பழிக்கலையே ஐயா. படிக்கத்தானே போனேன்."

எங்கள் சொற்பிறப்பு அறிஞர், தலைவரின் மைத்துனர், அன்போடு குறுக்கிட்டார். "வேரு மண்ணுக்குள்ளயே இருக்கட்டும்மா. நமக்கு வேணும்கிறது மேல தெரியற அர்த்தம்."

அரை மணியில் பொருள் ஒருமனதாக நிறைவேறியது: 'நிந்தனை: புனிதமானதைப் பழித்தல், சிறப்பாக, திறந்து பார்த்தல்.'

அந்தப் பக்கத்தின் அச்சுப்படியைத் திருத்த வேறு ஆள் இல்லாததால் அம்மாளிடமே கொடுத்தோம். விடுபட்டிருந்த ஓர் ஒற்றெழுத்தைச் சேர்த்தார், கையொப்பமிட்டார், பணிநீக்க ஆணையைப் பெற்றுக்கொண்டார், கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

பிறகு அலுவலக உதவியாளர், கரையானுக்கு மருந்து வாங்கி வரட்டுமா என்று கேட்டார்.

"திறக்காம அடிக்க முடியுமா?" என்றார் தலைவர்.

"முடியாதுங்க."

"அப்ப விட்டுடுங்க. அதுங்க பேழையைத் திறக்கலையே. அடிவழியா, சத்தமில்லாம, மரியாதையாத்தானே வந்திருக்கு."

குழு இதையும் ஒருமனதாக ஏற்றது, நானும் கையொப்பமிட்டேன். எங்கள் அலுவலகத்தில் அந்த நூலை அட்டை முதல் அட்டை வரை முடிக்கப்போகிறவை அவை மட்டுமே என்பதைக் குறிப்பேட்டில் ஏற்ற வேண்டாம் என்றும் தீர்மானித்தோம்.