மாப்பிள்ளைக்கு முப்பத்தெட்டு மார்க்

எங்கள் வீட்டில் யாரும் கம்ப்யூட்டரில் எதையாவது அழுத்துவதற்கு முன் என்னை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். யோசனை கேட்க அல்ல, நான் பக்கத்தில் இல்லை என்று உறுதி செய்துகொள்ள. தப்பில்லை. அக்காவின் வரன் விவரங்களை ஊருக்கே இலவசமாக விநியோகம் செய்தவள் நான்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் சேலையூரில் எங்கள் தெருவுக்குக் கேபிள் டிவிக்காரரே இன்டர்நெட்டும் கொடுத்தார். வெளியுலகம் நொண்டி நொண்டித்தான் வரும். ஆனால் அவரிடம் இணைப்பு வாங்கிய வீடுகள் தங்களுக்குள் பாட்டும் படமும் பரிமாறிக்கொண்டால் பறக்கும். ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரில் திறந்து வைத்திருப்பதை மற்றவர்கள் பார்த்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, நாமும் இரண்டு ஜிபியாவது திறந்து வைக்க வேண்டும். என்னிடம் இருந்தது பதினேழு பாட்டு.

"வெறுங்கைய வீசிக்கினு வந்தா எப்பிடிம்மா? நீயும் நாலு பேருக்குக் குடுத்தாதான் உள்ள வுடும்," என்றார் கேபிள் அண்ணன்.

கொடுத்தேன். டி டிரைவ் முழுவதையும் திறந்துவிட்டேன். (அப்போது நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு. சிரிக்காதீர்கள்.) பெயர் கேட்ட இடத்தில் மற்றவர்கள் புலி, சிங்கம் என்று ஏதேதோ போட்டிருந்தார்கள். நான் வாத்தியார் மகள். படிவம் என்றால் உண்மையைத்தான் எழுத வேண்டும் என்று அப்பா பெயர், தெரு, வீட்டு எண் எல்லாம் போட்டேன்.

அந்த டி டிரைவில்தான் ஷீபா அக்காவுக்கு வந்த வரன்கள் குடியிருந்தன. அப்பா முப்பது வருடம் கணக்கு வாத்தியார். மார்க் போடாமல் அவருக்கு எதையும் பிடிக்கவும் தெரியாது, பிடிக்காமல் போகவும் தெரியாது. படிப்பு, வேலை, ஜெப வாழ்க்கை, குடும்பம், தலைமுடி என்று ஐந்து பாடம். பாடத்துக்கு இருபது. அவர் சொல்லச் சொல்ல நான்தான் டைப் அடித்தேன். பதினொரு பையன்களின் பெயர், போன் நம்பர், மார்க், கடைசிக் கட்டத்தில் குறிப்பு.

அக்காவுக்கு இருபத்தெட்டு முடிந்திருந்தது. ரேங்க் வாங்கிய பையன்கள் வரிசையாக நழுவிவிட்டார்கள். மிஞ்சியவர்களில் ஒருவர் கேம்ப் ரோடு டேனியல். தலைமுடிக்கு இருபதுக்கு இரண்டு, மொத்தம் முப்பத்தெட்டு. குறிப்பு: 'ஜஸ்ட் பாஸ். பெற்றோரை அழைத்து வரவும்.' அவருடைய போட்டோவை அக்கா சத்தமில்லாமல் தன் பைபிளுக்குள் வைத்திருந்தாள். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவர் தன் அம்மாவோடு பெண் பார்க்க வந்தார். எங்கள் அம்மா கேசரி வைத்தாள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏதாவது கேக்கணும்னா தாராளமா கேளுங்க தம்பி," என்றார்.

"ரீவேல்யூவேஷன் உண்டா அங்கிள்?"

அப்பாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. கேசரித் தட்டைக் கீழே வைத்தேன்.

"தலைமுடிக்கு ரெண்டு போட்டது நியாயம்தான். ஜெப வாழ்க்கைக்கு நாலு போட்டிருக்கீங்களே. நான் சண்டே ஸ்கூல்ல பாடம் எடுக்கறேன் அங்கிள்."

பிட்டோடு பிடிபட்ட பையனைப் பார்ப்பதுபோல அப்பா என்னைப் பார்த்தார். டேனியலின் அம்மா மெதுவாக, "குடும்பத்துக்கு எவ்ளோப்பா போட்டிருக்காரு?" என்றார்.

"பன்னெண்டும்மா."

"பரவால்லையே," என்று அவர் கேசரியைத் தொடர்ந்தார்.

டேனியலும் அதே கேபிள் அண்ணனின் வாடிக்கையாளர். ஏதோ பாட்டுத் தேடப் போனவர், தன் கைக்கு வந்த பெண்ணின் பயோடேட்டாவில் இருந்த அதே முகவரி பட்டியலில் நிற்பதைப் பார்த்துத் திறந்திருக்கிறார். உள்ளே அவருடைய மார்க். என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் கூட்டிப்போய் உட்கார்ந்தார்.

"பாரும்மா. உங்க அக்கா போட்டோ, வீட்டு போன் நம்பர், ரேஷன் கார்டு ஸ்கேன், எல்லாம் தொறந்து கெடக்கு. மூணு பேரு ஏற்கெனவே எடுத்துட்டாங்க. எடுத்தது திரும்பி வராது. மத்த பத்து பசங்க நம்பரும் இதுல இருக்கு. அவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் என்னை அழ வைத்தது. இரண்டு வாரமாக அக்கா எடுக்கும்போதெல்லாம் யாரோ பேசாமல் போனை வைத்தது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. அவர் டி டிரைவை மூடினார். பாட்டுக்கு மட்டும் தனி ஃபோல்டர் போட்டு அதைத் திறந்தார். அப்பா பெயரை அழித்துவிட்டு 'கேசரி' என்று வைத்தார்.

ஹாலுக்குத் திரும்பியபோது அப்பா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். இந்த வரனும் போயிற்று என்று அம்மா தட்டுகளை அடுக்க ஆரம்பித்திருந்தாள். அக்கா உள்ளேயிருந்து வந்து நடு ஹாலில் நின்றாள்.

"அப்பா, எனக்கு இவரு போதும். நாம தொறந்து போட்டத வந்து மூடிக் குடுத்திருக்காரு. அவருக்கும் சரின்னா பேசி முடிங்க."

"ஜஸ்ட் பாஸ்தான். பரவால்லயா?" என்று டேனியல் அவளையே கேட்டார். அக்கா முதல்முறையாகச் சிரித்தாள்.

மறுநாள் அப்பா மீதிப் பத்துப் பேருக்கும் போன் செய்து மன்னிப்புக் கேட்டார். அதில் இரண்டு பேர் தங்கள் மார்க் என்ன என்று விசாரித்திருக்கிறார்கள். அப்பா சொல்லியும் விட்டார். (வாத்தியார் புத்தி.)

அத்தானுக்கு இப்போது தலை முழுக்க வழுக்கை. ஒவ்வொரு கிறிஸ்மஸ் விருந்திலும் அப்பாவிடம், "மாமா, அந்த ரெண்டு மார்க்கையும் கழிச்சுக்கலாம்," என்று தலையைக் காட்டுவார். அப்பா ஒவ்வொரு முறையும் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "கழிச்சாலும் முப்பத்தாறு. பாஸ்தான்," என்பார். அக்கா என் கைக்கெட்டும் தூரத்தில் லேப்டாப் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டுவாள்.