தீப்பெட்டி மாமாவும் வியட்நாம் கணவாயும்

எதையும் கொளுத்திப் பார்க்காமல் நம்பாத மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் ஆரணியில் இருக்கிறார். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். ஊருக்கு அவர் தீப்பெட்டி. மரியாதை தெரிந்தவர்களுக்குத் தீப்பெட்டியார். எனக்குத் தீப்பெட்டி மாமா.

பட்டு நூல் தரகு அவர் தொழில். அசலா போலியா என்று பார்க்க ஓர் இழையைக் கொளுத்துவது எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். அசல் பட்டென்றால் மயிர் கருகிய வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். நைலான் என்றால் சுருண்டு உருகி மணியாகிவிடும். மற்றவர்கள் இந்தச் சோதனையை நூலோடு நிறுத்திக்கொண்டார்கள். மாமாவுக்கு நிறுத்தத் தெரியவில்லை.

ஒரு கல்யாணத்தில் மொய்க் கவரோடு மேடையேறியவர், போட்டோவுக்கு நிற்கிற நேரத்தில் மணப்பெண்ணின் முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஓர் இழையை உருவிவிட்டார். குத்துவிளக்கு பக்கத்திலேயே எரிந்தது வசதியாகப் போயிற்று. கொளுத்தி, முகர்ந்து, "அசல்தான், பயப்படாதீங்க" என்று மாப்பிள்ளையின் அப்பாவிடம் சொல்லிவிட்டு இறங்கினார். அதுவரை அங்கே யாரும் பயந்திருக்கவில்லை.

பிளாஸ்டிக் அரிசி வதந்தி வாட்ஸப்பில் சுற்றிய சமயம், அரிசி ஆலைகளுக்குப் பேர்போன பக்கத்து ஊர் களம்பூருக்கே பஸ் ஏறிப் போய், ஒரு ரைஸ் மில் வாசலில் உட்கார்ந்து அரிசியை ஒவ்வொன்றாகக் கொளுத்தினார். லோடு ஏற்ற வந்த லாரிகள் வரிசையில் நின்றன. சோறாக்கித் தின்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று ஒரு பை அரிசியைக் கையில் திணித்து, மில்காரர் கும்பிட்டு அனுப்பியதாகக் கேள்வி.

இப்பேர்ப்பட்டவரோடுதான் நான் வியட்நாம் போனேன்.

ஒரு நூல் கம்பெனி வருஷா வருஷம் ஜவுளிக்காரர்களை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போகும். அப்பாவும் ஜவுளிக்காரர்தான். அவருக்கு முட்டி வலி, அதனால் அவர் சீட்டு எனக்கு வந்தது. எனக்கோ கடல் மீன் என்றால் பைத்தியம். ஆரணியில் கடல் மீன் என்பது ஐஸ் பெட்டிக்குள் பயணம் செய்து, களைத்துப்போய், ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் முகத்தைச் சலிப்போடு பார்க்கும் வஞ்சிரம்தான். வியட்நாம் என்றதும் அந்த ஊர்த் தெருக்கடை வீடியோக்களை விடிய விடியப் பார்த்துப் பட்டியல் போடாத குறை. அறையில் எனக்குத் துணை தீப்பெட்டி மாமா என்பது சென்னை ஏர்போர்ட்டில்தான் தெரிந்தது. அப்போது அவருடைய ஒவ்வொரு பையிலிருந்தும் தீப்பெட்டிகளை எடுத்து வெளியே வைத்துக்கொண்டிருந்தார்கள்.

போன இடத்தில் கம்பெனிக்காரர்கள் ஏற்பாட்டில் வேளா வேளைக்குச் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல். ஜன்னலுக்கு வெளியே கடல் அலையடிக்கிறது, உள்ளே நாங்கள் அப்பளம் நொறுக்குகிறோம். டா நாங் என்ற ஊரில் கடைசி நாள் சாயங்காலம் மட்டும் எங்களை இஷ்டத்துக்குச் சுற்ற விட்டார்கள். எட்டு மணிக்குப் பஸ் கிளம்பிவிடும், விடிந்தால் விமானம். அதற்குள் ஒரு கடலைத் தின்றாக வேண்டும் என்று செருப்பை மாட்டினேன். பளபளவென்று பட்டுச் சட்டையில் மாமாவும் கிளம்பி நின்றார்.

அந்தத் தெருவே கரிப்புகையில் மிதந்தது. முழங்கால் உயரத்துக்குப் பிளாஸ்டிக் ஸ்டூல்கள், தொட்டிகளில் துள்ளும் இறால், அடுப்பில் வாய் பிளக்கும் சிப்பி. ஓர் அம்மாவின் கடையில் உட்கார்ந்து, நாங்கள் கடம்பா என்று சொல்லும் கணவாயைக் கை காட்டினேன். சுட்ட கணவாய் மிளகாய் உப்போடு வந்து இறங்கியது. நான் கை நீட்டுவதற்குள் மாமா ஒரு காலைப் பிய்த்து, எங்கேயோ வாங்கியிருந்த லைட்டரைப் பற்றவைத்துவிட்டார்.

"சுருண்டுகினு போவுது பாரு. நைலான்டா தம்பி."

"மாமா, கடம்பாவ சுட்டா சுருளத்தான் செய்யும்."

முகர்ந்தார். குழம்பினார். "வாடை மட்டும் பட்டு மாரி வருது. மிக்ஸிங்."

பாஷை தெரியாவிட்டால் என்ன? தன் சரக்கை ஒருத்தன் சந்தேகப்படுவது எந்தக் கடைக்காரருக்கும் புரியும். அந்த அம்மா வந்தார், இடுப்பில் ஒரு கை வைத்தார், மறு கையால் தட்டைத் தூக்கிக்கொண்டார். என் ஒரே சாயங்காலம் என் கண்ணெதிரே அடுப்படிக்குத் திரும்பிப் போனது. போகிற போக்கில் மாமாவின் சட்டை நுனியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

ஆரணிக்காரரிடம் செய்கிற காரியமா இது? மாமா சட்டை ஓரத்தில் ஓர் இழையை உருவினார், கொளுத்தினார், அந்த அம்மாவின் மூக்குக்கு நேரே நீட்டினார். அவர் முகர்ந்தார். உடனே ஒரு கணவாய்க் காலைத் தணலில் கருக்கி மாமாவின் மூக்கில் நீட்டினார். இரண்டும் ஒரே வாடை. முதலில் சிரித்தது அந்த அம்மாதான். தட்டு திரும்பி வந்தது, வெங்காயத்தாளும் வறுத்த வேர்க்கடலையும் தூவிய சிப்பி நாலு கொசுறாக.

இனிமேல் தடையில்லை என்று நினைத்தேன். மாமா முதல் துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, தட்டின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்தார். கண்ணை மூடி மென்றார். விழுங்கினார். ஆகாயத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் கை நீட்டினால், "இரு." ரொம்ப நேரம் கழித்துத் தட்டை என் பக்கம் தள்ளினார். சிப்பிக்கும் அதேதான், அப்புறம் வாங்கிய நண்டுக்கும் அதேதான். மணி எட்டை நோக்கி ஓடுகிறது, எல்லாம் ஆறி என்னிடம் வருகிறது. ஆறினால்தான் என்ன, அந்தக் கணவாய் பல்லில் பட்டதும் தித்தித்தது. சிப்பி ஓட்டில் தேங்கிய சாறு வரை உறிஞ்சினேன். நைலான் என்றவர் இப்படி முந்திக்கொள்கிறாரே என்ற எரிச்சல் மட்டும் ஆறவில்லை.

பஸ்ஸுக்கு நடக்கும்போது விடவில்லை. "எல்லாத் தட்டுலயும் மொத வாய் உங்களுதுதான் மாமா. நாக்குக்கு நல்லா புடிச்சிப்போச்சி போல."

"புடிக்கறதா? நான் மீனே துன்னமாட்டேன்டா. கவுச்சி எனக்கு ஆவாது." கைக்குட்டையால் வாயை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "உங்கப்பா ஒத்த புள்ளைய எங்கூட அனுப்பிச்சிக்கிறாரு. ஊரு பேரு தெரியாத ஐட்டம். மொதல்ல எனக்கு எதனா ஆவுதான்னு பாக்க வேணாவா?"

அதற்குப் பிறகு பினாங்கு, கொழும்பு என்று போன இடமெல்லாம் தெருக்கடை மீன்தான். தட்டை யாரும் பிடித்துவைப்பதில்லை, சுடச்சுடக் கைக்கு வந்துவிடுகிறது. ஆனாலும் கொஞ்ச நேரம் ஆறவிட்டுத்தான் முதல் வாயை எடுக்கிறேன்.